கட்டணம் முன்னே, உதவித்தொகை பின்னே: கல்லூரி மாணவர்களின் காத்திருப்பு எங்கே தொடங்குகிறது?

புதுடெல்லி: பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைத் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் வழங்கிய ஐந்தாண்டு ஒப்புதல், 2025-26 நிதியாண்டு வரைக்கானது. பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புகளுக்கு அரசு வழங்கும் உதவிகளில் இதுவே மிகப் பழையது. 1944-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. அடுத்த நிதிச் சுழற்சிக்கான விதிகள் வகுக்கப்படும் இவ்வேளையில் எவ்வளவு தொகை ஒதுக்கப்படும் என்பதே பெரிதும் பேசப்படுகிறது. ஆனால், கல்லூரி வாசலில் நிற்கும் மாணவரைப் பொறுத்தவரை எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே முதற்கேள்வியாக இருக்கிறது.

நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் சேர்க்கை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடைபெறுகிறது. முதல் தவணைக் கட்டணம் சேர்க்கை நாளிலேயே கேட்கப்படுகிறது. உதவித்தொகைக்கான விண்ணப்பமோ சேர்க்கை முடிந்து, கல்லூரியின் பதிவெண் கிடைத்த பிறகே சமர்ப்பிக்கக் கூடியது. பல மத்தியத் திட்டங்களில் விண்ணப்பக் கடைசி நாள் அக்டோபர் வரை நீள்கிறது. அதன்பின் கல்லூரி அளவிலான சரிபார்ப்பு, மாவட்ட அல்லது மாநில அளவிலான சரிபார்ப்பு, தகுதிப் பட்டியல், நிதி விடுவிப்பு என்று படிகள் தொடர்கின்றன. கல்வியாண்டின் இறுதியில் பணம் வந்தாலே குறித்த காலத்தில் வந்ததாகக் கருதப்படும் நிலை உள்ளது. இந்த இடைவெளியை யாரேனும் ஒருவர் தம் கையிலிருந்து நிரப்பியாக வேண்டும். அது அரசாக இல்லை என்பதுதான் சிக்கலின் மையம்.

ரூ.17,500-க்காக உச்ச நீதிமன்றம் வரை

2024 செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஓர் உத்தரவு இந்த இடைவெளியைத் துலக்கமாகக் காட்டியது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு தன்பாத் ஐஐடி-யில் இடம் கிடைத்திருந்தது. இடத்தை உறுதிசெய்வதற்கான ரூ.17,500-ஐக் குறித்த நேரத்திற்குள் செலுத்த முடியாததால் அந்த இடம் கைநழுவியது. அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவு வழங்கும் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, அந்த மாணவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஐஐடி-க்கு உத்தரவிட்டது.

இவ்வழக்கில் பலர் கவனிக்காமல் கடந்த ஒன்று உண்டு. ஐஐடி-களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கற்பிப்புக் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்திற்குக் குறைவாக உள்ள பிற மாணவர்களுக்கும் அதே சலுகை உண்டு, ரூ.1 லட்சம் முதல் ரூ.5 லட்சம் வரை இருப்போருக்கு மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. அதாவது, நாட்டிலேயே தாராளமான கட்டணச் சலுகை உள்ள நிறுவனங்களின் வாசலிலேயே ஒரு மாணவர் ரூ.17,500 இல்லாமல் திரும்ப நேர்ந்தது. காரணம் எளிது: எல்லாச் சலுகைகளும் 'சேர்ந்த மாணவருக்கு' உரியவை. சேர்வதற்கு முந்தைய நாள் கட்ட வேண்டிய பணத்திற்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை. ஒரு மாணவருக்காக உச்ச நீதிமன்றம் தன் அரிய அதிகாரத்தைப் பயன்படுத்தியது. அதே நிலையில் இருந்து வழக்குத் தொடுக்க வழியில்லாதோர் எத்தனை பேர் என்பதை எந்த இணையதளமும் கணக்கிடுவதில்லை.

பணம் செல்லும் பாதை மாறியது எப்படி?

2020-ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். முன்பு, ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் இறுதி ஆண்டில் மாநிலம் இத்திட்டத்திற்குச் செலவிட்ட தொகை, அடுத்த ஐந்தாண்டுகளுக்கு அம்மாநிலத்தின் 'உறுதிப் பொறுப்பு' எனக் கொள்ளப்பட்டது. அதற்கு மேற்பட்ட செலவை மட்டுமே மத்திய அரசு ஏற்றது. மாணவர் எண்ணிக்கை மெல்ல உயர்ந்த காலத்தில் இது சிக்கலின்றிச் சென்றது. 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிவடைந்தபோது மாநிலங்களின் உறுதிப் பொறுப்பு ஒரே அடியில் பெருகியது. மத்திய அரசின் பங்கு சுருங்கியது. 2017-18 முதல் 2019-20 வரையிலான ஆண்டுகளில் மத்திய நிதி ஆண்டுக்குச் சுமார் ரூ.1,100 கோடியாக இருந்தது என்று அரசே பின்னர் தெரிவித்தது. மாநிலங்கள் நிதியில்லை என்றன. கல்லூரிகள் மாணவர்களைக் கேட்டன.

2020 டிசம்பர் 23 அன்று அமைச்சரவை எடுத்த முடிவு இந்த முறையைக் கைவிட்டது. மத்திய, மாநிலப் பங்கு 60:40 என்றும், வடகிழக்கு மாநிலங்களுக்கு 90:10 என்றும் நிர்ணயிக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கான மொத்த மதிப்பீடு ரூ.59,048 கோடி, அதில் மத்திய அரசின் பங்கு ரூ.35,534 கோடி. நான்கு கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயன்பெறுவர் என்றும், பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பைத் தொடர இயலாத மிக வறிய 1.36 கோடிப் பேர் உயர்கல்விக்குள் கொண்டுவரப்படுவர் என்றும் அறிவிக்கப்பட்டது. நிதிப் பகிர்வைப் பொறுத்தவரை இது மறுக்க முடியாத முன்னேற்றம்.

முடிவின் இன்னொரு பகுதிதான் கல்லூரி வளாகங்களில் கூடுதல் அதிர்வை ஏற்படுத்தியது. 2021-22 முதல் மத்திய அரசின் பங்கு, மாநிலம் தன் பங்கை விடுவித்ததை உறுதிசெய்த பிறகு, மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. இதனால் ஒரே உதவித்தொகை இரு பகுதிகளாக, இரு வெவ்வேறு நாள்களில் வந்து சேர்கிறது. மாநிலத்தின் 40 சதவீதம் தாமதமானால் மத்தியின் 60 சதவீதமும் நகராது. மாநிலக் கருவூலத்தின் நெருக்கடியை, தன் தகுதி முழுதும் சரிபார்க்கப்பட்ட மாணவரும் சுமக்க வேண்டியிருக்கிறது. மாநிலங்களைப் பொறுப்பேற்கச் செய்ய வைக்கப்பட்ட நிபந்தனைதான் இது. ஆனால், நிபந்தனையை மீறும் மாநிலத்திற்கு நேரும் இழப்பைவிட அதில் படிக்கும் மாணவருக்கு நேரும் இழப்பே பெரிது.

இதனை எதிர்பார்த்தே வழிகாட்டு நெறிமுறைகளில் 'ஃப்ரீஷிப் அட்டை' என்ற ஏற்பாடு சேர்க்கப்பட்டது. தகுதியுள்ள மாணவர் இந்த அட்டையைக் காட்டி, கற்பிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் முன்கூட்டிச் செலுத்தாமல் சேரலாம். உதவித்தொகை வந்ததும் செலுத்துவதாக உறுதிமொழி அளிக்க வேண்டும். ஏட்டளவில் இது நல்ல தீர்வு. நடைமுறையில், அட்டையை ஏற்கும் கல்லூரியே மாணவருக்குக் கடன் கொடுப்பதாக ஆகிறது. அரசுக் கல்லூரிக்கு அது சுமையில்லை. ஆசிரியர் ஊதியத்தைக் கட்டண வருவாயிலிருந்தே வழங்கும் சிறிய தனியார் கல்லூரி எத்தனை மாதம் பொறுக்கும்?

கல்லூரியும் மாணவரும் எதிரெதிரே

இக்கேள்விக்கான விடை பல மாநிலங்களில் வெளிப்படையாகவே கிடைத்துவிட்டது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஆட்சிக் காலத்தில் விரிவாக்கப்பட்ட கட்டண ஈட்டுத் திட்டம், ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரிகளுக்குப் பெருமளவில் அழைத்து வந்தது. அதன் நிலுவை பல அரசுகளைக் கடந்தும் தீரவில்லை. தெலங்கானாவில் 2025 நவம்பர் தொடக்கத்தில் நிலுவையைக் கேட்டுத் தனியார் தொழிற்கல்லூரிகள் கதவடைப்பில் இறங்கின. அரசுடன் பேச்சு நடத்திய பின்னரே வகுப்புகள் மீண்டும் தொடங்கின. பஞ்சாபில், போஸ்ட் மெட்ரிக் நிலுவையைக் காரணங்காட்டி மாணவர்களின் சான்றிதழ்களைக் கல்லூரிகள் நிறுத்திவைத்தது அரசியல் சர்ச்சையாகவே மாறியது.

அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியுள்ளது. ஆயினும், படிப்பு முடித்து வேலைக்கு நேர்காணல் அழைப்பு வந்த இளைஞர், மாற்றுச் சான்றிதழுக்காகக் கல்லூரி அலுவலகத்தில் நிற்கும்போது அந்தச் சுற்றறிக்கையை நீட்டி வாதாடுவதைவிடக் கடன் வாங்கிக் கட்டிவிடுவதையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார். அரசு தர வேண்டிய பணம் அவர் பெயரில் வட்டிக்கு ஏறுகிறது.

பணம் யார் கைக்குச் செல்ல வேண்டும் என்பதிலும் தெளிவான விடை இல்லை. கல்லூரிக்கு நேரடியாகக் கொடுத்தால் போலிச் சேர்க்கைக்கு வழி. மாணவரிடம் கொடுத்தால் கட்டணம் வந்து சேருமா என்ற கல்லூரியின் ஐயம். ஆந்திரப் பிரதேசத்தில் கட்டணத் தொகையை மாணவர்களின் தாய்மார் கணக்கில் செலுத்தும் முறையை எதிர்த்துக் கல்லூரிகள் நீதிமன்றம் சென்றன. 2021 செப்டம்பரில் அம்மாநில உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்தது. தாயை நம்புவதா, கல்லூரியை நம்புவதா என்ற அளவுக்கு விவாதம் சென்றது. பணம் சேர்க்கை மாதத்திலேயே வந்திருந்தால் இவ்விவாதமே எழுந்திருக்காது.

நிதி இருந்தும் திட்டம் முடங்கும் நிலையும் உண்டு. மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி 2025 ஜூனில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், பீகாரில் உதவித்தொகை இணையதளம் மூன்றாண்டுகள் செயல்படவில்லை என்றும், 2021-22-இல் ஒரு மாணவருக்குக்கூடத் தொகை கிடைக்கவில்லை என்றும் குறிப்பிட்டார். உதவி பெற்ற தலித் மாணவர்களின் எண்ணிக்கை 2023 நிதியாண்டில் 1.36 லட்சமாக இருந்து 2024-இல் 69 ஆயிரமாகக் குறைந்தது என்பதும் அக்கடிதத்தின் குற்றச்சாட்டு. இது எதிர்க்கட்சியின் கூற்று என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். எனினும் ஓர் இணையதளம் முடங்கினால் ஒரு மாநிலத்தின் மாணவர்களுக்கு மாற்று வழியே இல்லாத அமைப்பாக இது மாறியிருப்பதைக் கட்சி வேறுபாடின்றி ஏற்றுக்கொள்ளலாம்.

விண்ணப்பம் எங்கே நிற்கிறது?

2015-இல் தொடங்கப்பட்ட தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளம், அதுவரை அமைச்சகந்தோறும் சிதறிக் கிடந்த திட்டங்களை ஒரே இடத்திற்குக் கொண்டுவந்தது. 2024-25 கல்வியாண்டு முதல் 'ஒருமுறைப் பதிவு' என்ற முறையும் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆதார் அடிப்படையில் மாணவருக்கு 14 இலக்க எண் ஒன்று வழங்கப்படுகிறது. படிப்புக் காலம் முழுதும் அதே எண் செல்லும். கைப்பேசிச் செயலி வழியாக முக அடையாளச் சரிபார்ப்பும் நடைபெறுகிறது. ஆண்டுதோறும் புதிதாகப் பதியும் தொல்லையை இது குறைத்திருப்பது உண்மை.

ஆனால், விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டது என்ற குறுஞ்செய்தி வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கும் மாணவர்கள்தாம் பெரும்பாலும் ஏமாற்றமடைகின்றனர். முதற்கட்டச் சரிபார்ப்பைச் செய்ய வேண்டியவர் கல்லூரியின் பொறுப்பு அலுவலர். பல கல்லூரிகளில் அது வேறு பணிகளுக்கிடையே ஓர் ஆசிரியர் பார்க்கும் கூடுதல் வேலை. அவர் குறிப்பிட்ட நாளுக்குள் ஒப்புதல் அளிக்காவிட்டால், மாணவர் மீது எந்தப் பிழையும் இல்லாமலேயே விண்ணப்பம் காலாவதியாகும். குறைபாடு உள்ளதெனத் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பத்தை மாணவர் திருத்தி மீண்டும் அனுப்புவதற்கும் கெடு உண்டு. அந்தச் செய்தி, விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்த கணினி மையத்தின் கைப்பேசி எண்ணுக்குச் சென்றிருந்தால் மாணவருக்குத் தெரியாமலே கெடு கடந்துவிடும்.

அடுத்த தடை வங்கியில் இருக்கிறது. உதவித்தொகை ஆதார் வழிப் பணப் பரிமாற்ற முறையில் செலுத்தப்படுகிறது. இம்முறையில் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண் தீர்மானிப்பதில்லை. இந்திய தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் பதிவேட்டில் ஆதார் எண்ணுடன் எந்த வங்கி இணைக்கப்பட்டுள்ளதோ அங்கேதான் பணம் செல்லும். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்து வாடிக்கையாளர் விவரத்தைப் புதுப்பிப்பது வேறு. இந்தப் பதிவேட்டில் கணக்கை இணைப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்தது என்று கருதுவோர் ஏராளம். இரு வங்கிகளில் கணக்கு உள்ளவருக்குக் கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக்கே தொகை போகும். நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு என்றால் தொகை திரும்பிச் சென்றுவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால் என்பது போன்ற வேறுபாடும் ஒரு விண்ணப்பத்தை நிறுத்தப் போதுமானது. தென் மாநில மாணவர்களுக்கு, குடும்பப் பெயர் கேட்கும் படிவங்களால் வரும் இத்தொல்லை பழகிப்போன ஒன்று.

மோசடியின் நிழல்

இவ்வளவு கெடுபிடி ஏன் என்ற கேள்விக்கு அரசிடம் வலுவான பதில் உண்டு. சிறுபான்மையின மாணவர்களுக்கான உதவித்தொகை குறித்து 2023-இல் வெளியான ஆய்வு முடிவுகளில், ஆராயப்பட்ட 1,572 கல்வி நிறுவனங்களில் 830 நிறுவனங்கள் போலியானவை அல்லது செயல்படாதவை எனத் தெரியவந்தது. 2017-18 முதல் 2021-22 வரையிலான ஐந்தாண்டுகளில் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு ரூ.144.83 கோடி என மதிப்பிடப்பட்டு வழக்கு சிபிஐ-யிடம் ஒப்படைக்கப்பட்டது. இமாச்சலப் பிரதேசத்திலும் தனியார் நிறுவனங்கள் தொடர்பான உதவித்தொகை மோசடி வழக்கை 2019 முதல் சிபிஐ விசாரித்தது.

இம்மோசடிகள் அனைத்திலும் ஓர் ஒற்றுமை காணப்படுகிறது. திட்டமிட்டு ஏமாற்றியவை நிறுவனங்களும், அவற்றுக்கு ஒப்புதல் அளித்த அலுவலர்களும், கணக்குத் திறக்க உதவிய வங்கி ஊழியர்களுமே என்பதே குற்றச்சாட்டுகளின் சாரம். நடவடிக்கையின் பெரும்பகுதியோ மாணவரின் விரல்ரேகையையும் முகத்தையும் மீண்டும் மீண்டும் சரிபார்ப்பதாகவே அமைந்தது. கல்லூரி அலுவலர்களுக்கும் உயிரிவழிச் சரிபார்ப்பு கொண்டுவரப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், ஒப்புதலைத் தாமதிக்கும் கல்லூரிக்கு அபராதம் என்ற ஏற்பாடு இதுவரை முன்னுக்கு வரவில்லை. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை, பிற திட்டங்களுடன் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது என்ற காரணத்தால் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது.

ரூ.2.5 லட்சம் என்ற கோடு

பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டங்களில் குடும்ப வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு ரூ.2.5 லட்சம். மாதக் கணக்கில் இது ரூ.20,833. ஒரு வீட்டில் கணவன், மனைவி இருவரும் நாளொன்றுக்கு ரூ.420 கூலிக்கு ஆண்டில் 300 நாள் வேலைக்குச் சென்றால் மொத்த வருமானம் ரூ.2.52 லட்சம். அந்த ரூ.2,000 மிகுதியால் அவ்வீட்டுப் பிள்ளை சட்டப்படி தகுதி இழக்கிறார். தினக்கூலி உயர்ந்திருக்கிறது, கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 

பொருளாதாரத்தில் நலிவுற்ற பிரிவினர் என்ற சான்று பெறுவதற்கும், இதர பிற்படுத்தப்பட்டோரில் 'கிரீமி லேயர்' எனப்படும் முன்னேறிய பிரிவைப் பிரித்தறிவதற்கும் அதே மத்திய அரசு பயன்படுத்தும் வரம்பு ரூ.8 லட்சம். மாணவியருக்கு ஆண்டுக்கு ரூ.50,000 வழங்கும் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் 'பிரகதி' திட்டத்திற்கும் ரூ.8 லட்சமே வரம்பு. ஒரே குடும்பம் ஒரு படிவத்தில் ஏழையாகவும் மற்றொரு படிவத்தில் ஏழையல்லாததாகவும் கருதப்படுகிறது. வரம்பை உயர்த்துமாறு நாடாளுமன்றக் குழுக்கள் வலியுறுத்தியுள்ளன. உயர்த்தினால் பயனாளிகள் பெருகுவர், செலவும் கூடும் என்பது நிதித் துறையின் இயல்பான தயக்கம். இப்போதைய நிலையில் இந்த வரம்பு, வட்டாட்சியர் அலுவலகத்தில் உண்மை வருமானத்தைக் குறைத்துச் சொல்ல மக்களைத் தூண்டுகிறது. உண்மையைச் சொன்னவர் வெளியே நிற்கிறார்.

கிடைக்கும் தொகையையும் பார்க்கலாம். போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களுடன் கல்விப்படியும் சேர்த்து வழங்கப்படுகிறது. மருத்துவம், பொறியியல் போன்ற முதற்பிரிவுப் படிப்புகளில் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு ரூ.13,500; வீட்டிலிருந்து வருவோருக்கு ரூ.7,000. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போன்ற பட்டப்படிப்புகளில் விடுதி மாணவருக்கு ரூ.6,000, வீட்டிலிருந்து வருவோருக்கு ரூ.3,000. பின்னதை மாதமாக்கினால் ரூ.250. நாள்தோறும் பேருந்தில் வரும் மாணவருக்கு இது எத்தனை நாள் தாங்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தின் முன்னணி 20 சதவீதத்திற்குள் வந்து, குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்திற்குள் உள்ளோருக்கான மத்தியத் துறை உதவித்தொகை பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு ரூ.12,000 தருகிறது. ஆண்டுதோறும் புதிதாக 82,000 பேருக்கே அது கிட்டும். 2021-22 கணக்கின்படி நாட்டின் உயர்கல்வி மாணவர் எண்ணிக்கை 4.33 கோடி.

உதவியிலிருந்து கடனுக்கு

அண்மை ஆண்டுகளில் அரசின் கவனம் கல்விக் கடன் பக்கம் சாய்ந்திருப்பதையும் காண முடிகிறது. 2024 நவம்பர் 6 அன்று அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பிரதமரின் வித்யாலட்சுமி' திட்டத்தின்கீழ், தரவரிசையில் முன்னணியில் உள்ள 860 உயர்கல்வி நிறுவனங்களில் சேருவோர் ஈடும் பிணையாளரும் இன்றிக் கடன் பெறலாம். ரூ.7.5 லட்சம் வரையிலான கடனுக்கு 75 சதவீதம் அரசு உத்தரவாதம் உண்டு. குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்திற்குள் இருந்து வேறு உதவி பெறாதவர்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனில் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம், ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர் என்ற வரையறையுடன் வழங்கப்படுகிறது. 2024-25 முதல் 2030-31 வரை இதற்கான ஒதுக்கீடு ரூ.3,600 கோடி. ரூ.4.5 லட்சத்திற்குள் வருமானம் உள்ளோர் தொழிற்படிப்புகளில் முழு வட்டி மானியம் பெறும் பழைய திட்டமும் தொடர்கிறது.

இத்திட்டத்தின் வலிமை அதன் எளிமை. விண்ணப்பத்திலிருந்து வட்டி மானியம் வரை ஒரே இணையதளத்தில் நடைபெறுகிறது. அதன் எல்லையும் அதே அறிவிப்பிலேயே இருக்கிறது. அந்த 860 நிறுவனங்களில் படிப்போர் 22 லட்சம் பேர் என அரசு கூறுகிறது. மொத்த மாணவர்களில் இது ஏறத்தாழ ஐந்து சதவீதம். மாவட்டத் தலைநகரின் கலைக் கல்லூரியில் சேரும் மாணவர் இவ்வட்டத்திற்கு வெளியே, உள்ளூர் வங்கிக் கிளை மேலாளரின் முடிவை நம்பியே இருக்கிறார். கடன் தகுதி மதிப்பெண் குறைவு என்பதை மட்டும் காரணங்காட்டிக் கல்விக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் கூற வேண்டியிருந்தது.

மாநிலங்களும் இவ்வழியில் செல்கின்றன. மேற்கு வங்கம் 2021-இல் ரூ.10 லட்சம் வரையிலான மாணவர் கடன் அட்டையை அரசு உத்தரவாதத்துடன் கொண்டுவந்தது. பீகார் 2016-இல் தொடங்கிய ரூ.4 லட்சம் வரையிலான கடன் அட்டைக்கு வட்டி கிடையாது என்று 2025 செப்டம்பரில் அறிவித்தது. உதவித்தொகை இணையதளம் முடங்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அதே மாநிலத்தில் கடன் தாராளமாகியிருப்பது கவனிக்கத்தக்க முரண்.

வேறொரு வழியும் முயலப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டமும், 2024 ஆகஸ்டில் வந்த 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மாதம் ரூ.1,000 வழங்குகின்றன. வருமான வரம்பு இல்லை. படித்த பள்ளியின் பதிவே தகுதிக்குச் சான்று. தொகை சிறியது, கட்டணத்திற்கு ஈடாகாது என்பது உண்மை. ஆனால், மாதந்தோறும் வரும் ரூ.1,000-ஐ நம்பி ஒரு மாணவி பேருந்துச் செலவைத் திட்டமிட முடியும். ஆண்டின் எந்த மாதத்தில் வரும் என்று தெரியாத ரூ.12,000-ஐ நம்பி அவ்வாறு செய்ய இயலாது. மகாராஷ்டிரம் 2024-இல், ரூ.8 லட்சத்திற்குள் வருமானமுள்ள குறிப்பிட்ட பிரிவுகளைச் சேர்ந்த மாணவியருக்குத் தொழிற்படிப்புக் கட்டணத்தை முழுமையாக ஏற்பதாக அறிவித்ததும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது. 

அடுத்த சுழற்சியில் கவனிக்க வேண்டியவை மூன்று: வருமான வரம்பு நகர்கிறதா, சேர்க்கை நாளில் கட்ட வேண்டிய முதல் தொகைக்கு ஏதேனும் ஏற்பாடு வருகிறதா, மாநிலம் தாமதித்தாலும் மத்தியப் பங்கை மாணவருக்கு விடுவிக்கும் வகையில் விதி தளர்கிறதா என்பவை. இவற்றுள் கடைசியானதற்குக் கூடுதல் நிதி தேவையில்லை. விதியில் ஒரு வரி மாறினால் போதும்.

அதுவரை, நடப்பாண்டில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்போர் இணையதளத்தில் தம் விண்ணப்பத்தின் நிலையைப் பார்த்து, அது கல்லூரி அளவில் நிற்கிறதா, மாவட்ட அளவில் நிற்கிறதா என்பதை அறிந்துகொள்ளலாம். ஆதாருடன் எந்த வங்கி இணைந்துள்ளது என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்க முடியும். விண்ணப்பத்தில் சொந்தக் கைப்பேசி எண்ணே பதிவாகியுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் புதுப்பித்தல் விண்ணப்பத்தைத் தனியே சமர்ப்பிக்க வேண்டும். முதலாண்டில் கிடைத்தது தானாகத் தொடர்வதில்லை. மத்தியத் துறை உதவித்தொகையில் புதுப்பித்தலுக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப் பதிவும் கட்டாயம்.